மூன்றாவது துளை

ஜூன் 5

அக்கா,

கடிதத்தை ‘அன்புள்ள’ என்று தொடங்க வேண்டும் எனப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யோசித்துப் பார்த்துவிட்டு அதை விட்டுவிட்டேன். போனில் என் குரல் கேட்டதும் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. வார்டன் நீட்டினால் வாங்கித்தான் ஆக வேண்டும்.

கரிச்சானின் வயிற்றுப் புண் ஆறிவிட்டது. நேற்று குதிரை டாக்டர் மறுபடியும் அந்த நீளக் குழாய்க் கேமராவை மூக்கு வழியாக விட்டுப் பார்த்து, “சுத்தமா ஆறிடுச்சு. இனிமே இது நோயாளி இல்ல” என்றார். உன் அப்பாவுக்குப் பொறுக்குமா? பெரியப்பா அப்போதே சேணத்தைக் கொண்டுவந்து முதுகில் வைத்தார். அதுவரை கரிச்சான் சும்மா நின்றாள். சேணத்தை நிறுத்தி இறுக்க வயிற்றுக்கு அடியில் ஒரு வார் போகுமே, அதை அவர் கையில் எடுத்ததுதான் தாமதம். காதுகள் பின்னால் படிந்தன, பல் தெரிந்தது, பெரியப்பாவின் சட்டைக் கை தோள்வரை கிழிந்தது.

“புண்ணு ஆறிடுச்சுங்க. பயம் ஆறல. வாரைப் பார்த்தாலே வலிக்கப் போகுதுன்னு நினைக்குது” என்றார் டாக்டர்.

பெரியப்பா ஜூலை முப்பதுவரை தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் அவள் சேணம் ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் செங்கல் வண்டிக்காரரிடம் போய்விடுவாள். அந்த ஆளின் குதிரைகளை நீயும் பார்த்திருக்கிறாய். ஒன்றுக்காவது முழங்காலில் தோல் இருக்கிறதா?

அவளிடம் வேறு யாரும் நெருங்க முடியாததால் எனக்கு லாயத்தில் விதித்த தடையை நீக்கிவிட்டார்கள். அந்தத் தடை எப்படி வந்தது? தீவன அறைக் கதவை நான் திறந்து போட்டுவிட்டுப் போனதாகவும், கரிச்சான் உள்ளே புகுந்து தானியத்தை வயிறு வெடிக்கத் தின்றதாகவும் நீ சொன்னாய். நான் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டு இழுத்தும் பார்த்தேன். என் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், டாக்டர், பெரியப்பா எல்லோர் முன்னாலும் என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார். செய்யாத தப்புக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த வாக்கியம் இன்னும் என் வாயில் மீன் முள் மாதிரி குத்திக்கொண்டிருக்கிறது.

போட்டிக்கு முந்தைய பதினொரு நாள் காலையிலும் அவளுக்குச் சேணம் ஏற்றியவள் நீ ஒருத்திதான். எனக்குத் தேர்வு, காலை நேரத்தில் நான் அங்கே இல்லை. நீ அவளை என்ன செய்தாய்? வரிசையாக எழுது.

மன்னிப்புக் கேட்ட தங்கை

•

ஜூன் 12

ஏய் புத்தகமூட்டை,

லெட்டரா அது? கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கு. கவர் மேல சிவப்பு மையில ‘பதில் கட்டாயம்’, அதுக்குக் கீழ ரெண்டு கோடு. வார்டன் மேடம் “வீட்ல ஏதாவது கேஸ் நடக்குதாம்மா?”ன்னு கேட்டாங்க. சாப்பாட்டு ஹால்ல எல்லாருக்கும் சிரிப்பு.

என்ன செஞ்சேன்னா கேக்குற? சேணத்தை வச்சேன், வாரை இழுத்தேன், ஏறினேன், கப் ஜெயிச்சேன். அந்த கப்பை அப்பா வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுறாராமே, அதை மட்டும் ஏன் நீ எழுதல? குதிரைன்னா வயித்தை உப்பத்தான் செய்யும். சரியான சோம்பேறி அது. நீ பக்கத்துல நின்னு ‘ஐயோ பாவம், ஐயோ பாவம்’னு சொல்லியே அதுக்கு நடிக்கக் கத்துக் குடுத்துட்ட.

நான் வழி சொல்றேன் கேளு. ரெண்டு பேர் தலையைப் பிடிச்சுக்கணும், ஒருத்தர் ஒரே இழுப்பா இழுத்துடணும். நாலு நாள் ஆட்டம் போடும், அப்புறம் தானா அடங்கிடும்.

கதவு விஷயத்தை ஏன் இன்னும் நோண்டுற? மன்னிப்புக் கேட்டாச்சு, முடிஞ்சு போச்சு. உனக்கென்ன, தலையா போயிடுச்சு?

ஆகஸ்ட் பத்தொன்பது லீவுக்கு வர்றேன். ரூம்மேட் ரெண்டு பேரும் கூட வர்றாங்க. கரிச்சான் மேல ஏத்திவிடுறேன்னு அவங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன். என் மானத்தை வாங்கிடாத.

அக்கா

•

ஜூன் 19

அக்கா,

நீ சொன்ன வழியைச் செய்யப்போவதில்லை. நீ சொன்னது என்பதே ஒரு காரணம்.

நான் செய்வதை எழுதுகிறேன். உனக்கு அக்கறை இருக்கும் என்று நினைத்து எழுதவில்லை. நீ உடைத்ததை ஒட்ட எத்தனை நாள் ஆகிறது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

முதல் நான்கு நாள் வாரே கிடையாது. அது போகும் இடத்தில் என் உள்ளங்கையை மட்டும் வைத்தேன். அவள் பல்லைக் காட்டினால் கையை எடுத்தேன். அது என் முட்டாள்தனம். பல்லைக் காட்டினால் கை போய்விடும் என்று நானே அவளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். ஐந்தாம் நாளிலிருந்து மாற்றிக்கொண்டேன். அவள் எவ்வளவு சீறினாலும் கை அங்கேயே இருக்கும். காது ஒரு நொடி முன்னால் வந்தால் உடனே எடுத்துவிடுவேன். அதற்குள் என் முழங்கையில் மூன்று கடி. அம்மா மஞ்சள் மருந்து போடும்போதெல்லாம் உன்னைத்தான் திட்டினேன், மனதுக்குள். பிறகு பழைய துண்டை வயிற்றைச் சுற்றிப் போட்டு எடுத்தேன். அதன் பிறகு இழுத்தால் நீளும் கட்டுத்துணி. கட்டுத்துணியோடு நேற்று முற்றத்தை இரண்டு சுற்று நடந்தாள். நடந்து முடித்து மூச்சை நீளமாக விட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றேன்.

இப்போது முக்கியமான விஷயம். இன்று கட்டுத்துணியோடு சாதுவாக நின்றவள் திடீரென்று பின்காலால் பலகையை உதைத்துப் பிளந்தாள். அவள் அருகில் நான் மட்டும்தான் இருந்தேன், நான் அசையக்கூட இல்லை. அப்போது கூரையில் பல்லி கத்தியது. அடுத்த முறை கத்தியபோதும் அவள் உடம்பு முழுக்கத் தோல் நடுங்கியது. பல்லியைக் கண்டு குதிரை பயப்படுவதாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அப்புறம் புரிந்தது. நீ எந்த வேலையைத் தொடங்கினாலும் நாக்கைச் சொடுக்குவாய். ஊசியில் நூல் கோக்க, பாட்டில் மூடி திறக்க, எல்லாவற்றுக்கும் மூன்று சொடுக்கு. வாரை இழுக்கும் முன்பும் சொடுக்கியிருக்கிறாய். அந்தச் சத்தம் வந்தால் அடுத்தது வலி என்று அவள் பதினொரு நாளில் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

உன் சாவி இப்போது என் கையில். நான் என்ன செய்யப்போகிறேன் தெரியுமா? யார் வேண்டுமானாலும் அவளுக்கு வார் கட்டலாம், அப்படிப் பழக்கப்போகிறேன். ஆனால் அந்தச் சொடுக்கை மட்டும் தொடமாட்டேன். அது உள்ளேயே இருக்கட்டும். ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி உன் தோழிகள் பார்க்க நீ வாரை எடுப்பாய். சொடுக்குவாய். உன்னால் சொடுக்காமல் இருக்க முடியாது. அப்புறம் பார்க்கலாம், யார் மானம் போகிறதென்று.

தங்கை

•

ஜூன் 25

ஏண்டி,

குதிரையை வச்சு என்னைக் கடிக்க விடுவியா? உனக்குக் கொம்பு முளைச்சிடுச்சு. சித்தப்பாகிட்ட சொன்னா முதுகுத் தோலை உரிச்சிடுவார். சின்னப் பொண்ணு மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு, உள்ளுக்குள்ள எவ்வளவு விஷம்!

சொடுக்குறேனாம். உன் லெட்டரைப் படிச்சதுலேருந்து என்னால வாயைத் திறக்கவே முடியல. இன்னைக்கு ஜாமெட்ரி பாக்ஸைத் திறக்கும்போது சொடுக்கிட்டேன். பக்கத்துல இருந்தவ “என்ன ஆச்சு உனக்கு, ஏன் வெளுத்துப் போயிட்ட?”ன்னு கேக்குறா.

பெரிய துப்பறியும் புலின்னு நினைப்பு உனக்கு. பல்லி சொல்லிக் குடுத்ததோட எல்லாம் முடிஞ்சிடுச்சா? உண்மையான வாரைக் கட்டிப் பாரு. அதுல பக்கிள் மாட்டுற முதல் துளை, ரெண்டாவது துளை வரைக்கும் வருவா. மூணாவது துளைக்கு வா, அப்புறம் பேசலாம்.

பேசணும்னா ரெண்டு விஷயம். அந்தச் சொடுக்கை நீயே எடுத்துடணும். நான் எழுதப்போறதைப் படிச்சதும் கிழிச்சிடணும், யாருக்கும் காட்டக் கூடாது. சம்மதம்னா எழுது.

அக்கா

•

ஜூலை 6

அக்கா,

சம்மதம்.

எழுதிவிட்டு ஒரு மணி நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கெஞ்சுகிறேன் என்று நினைக்காதே. திருடனிடம்தான் பொருள் இருக்கிறது என்றால் திருடனிடம்தான் கேட்க வேண்டும்.

நீ சொன்னது மாதிரியே நடக்கிறது. முதல் துளை, பத்தடி நடை. இரண்டாவது துளை, பத்தடி நடை. அதுவரை வயலில் மேய்கிற மாதிரி இருக்கிறாள். மூன்றாவது துளைக்கு என் விரல் போனதும் உடம்பை இடப்பக்கம் வீசி என்னைச் சுவரோடு அழுத்துகிறாள். ஆறு நாளாக இதே கதை. மூன்றாவது துளை இல்லாவிட்டால் சேணம் சரிந்துவிடும், ஏறுகிறவர் விழுவார். நேற்று செங்கல் வண்டிக்காரர் தவணைக்கு முன்பே வந்துவிட்டார். அவள் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, “எலும்பு நல்லா இருக்கு. குணத்தை நான் பார்த்துக்கறேன்” என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்பதை அவர் இடுப்பில் செருகியிருந்த சாட்டையே சொன்னது.

சொடுக்கை எடுத்துவிட்டேன். நீ கேட்டதற்காக என்று நினைத்து மகிழாதே. உனக்காக நான் வைத்த பொறியில் ஒரு நாளைக்கு இருபது தடவை அவள்தான் மாட்டிக்கொண்டாள். லாயத்துக் கூரை முழுக்கப் பல்லி, எல்லாம் கத்துகின்றன. அவள் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு என்னால் அதை உள்ளே விட்டுவைக்க முடியவில்லை. மூன்று சொடுக்கு, ஒரு கேரட் துண்டு என்று எட்டு நாள் செய்தேன். இப்போது பல்லி கத்தினால் கரிச்சான் என் சட்டைப் பையை மோந்து பார்க்கிறாள்.

உன்மேல் எனக்கு இருந்த ஒரே ஆயுதம் அது. போய்விட்டது. சொல், மூன்றாவது துளையில் என்ன செய்தாய்?

தங்கை

•

ஜூலை 11

தங்கச்சி,

நாலு தடவை எழுதிக் கிழிச்சிட்டேன். இது அஞ்சாவது.

மூணாவது துளைக்கு வரும்போது மூச்சை இழுத்து வயித்தை உப்பிக்குவா. வார் எட்டாது. அதனால முழங்காலால ஓங்கி ஒரு இடி இடிப்பேன், இடது பக்கம், வாருக்குக் கொஞ்சம் பின்னாடி. “ஹக்”னு மூச்சு வெளிய வரும், அந்த நேரத்துல இழுத்துடுவேன். முதல் நாள் ஒரு இடி. கடைசி நாள் எத்தனைன்னு எண்ணல.

அவளுக்கு உடம்பு சரியில்லன்னு எனக்குத் தெரியும். தெரியாதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். தெரியும். பல்லை நறநறன்னு கடிச்சா. தானியத்தை மோந்துட்டு அப்படியே விட்டுடுவா. கடைசி மூணு நாள் வாளி நிரம்பினபடியே இருந்துச்சு. சாப்பிடாத வாளியை அப்பா பார்த்தா போட்டிக்கு விடமாட்டார்னு நானே சாக்கடையில கொட்டினேன். அப்பா காலியா இருந்த வாளியைப் பார்த்து “நல்லா சாப்பிட்டிருக்காளே”ன்னு அவளைத் தட்டிக் குடுத்தார்.

போட்டி முடிஞ்ச சாயந்திரம் அவ படுத்துட்டா. டாக்டர் வந்து முதல்ல கேட்டதே “என்ன சாப்பிட்டுச்சு, எவ்வளவு சாப்பிட்டுச்சு?”ன்னுதான். அப்பா என்னைப் பார்த்தார். மூட்டையில மூணு நாள் தானியம் குறைஞ்சிருக்கு, அவ சாப்பிடலைன்னு சொன்னா அது எங்க போச்சுன்னு கேப்பார். அந்த நிமிஷம் வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன். கதவு திறந்திருந்துச்சு, புகுந்து தின்னுட்டா, நீதான் கடைசியா போனவன்னு. அதிகமா தின்னதுன்னு நம்பித்தான் டாக்டர் ரெண்டு நாள் எதுவுமே குடுக்கக் கூடாதுன்னு பட்டினி போட்டார். புண்ணு இருக்குற வயித்துக்குப் பட்டினி எவ்வளவு கெடுதல்னு அப்புறம் அவரே அப்பாகிட்ட சொன்னப்ப நான் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டு இருந்தேன்.

அவ்வளவுதான். அப்பாவுக்கு நான்னா உசுரு. ஏழு வயசுல அவர்தான் என்னைக் குதிரைல உக்கார வச்சார். இது மட்டும் அவருக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியில முழிக்க மாட்டார். கிழிச்சிடு. நீ வாக்குக் குடுத்திருக்க.

அக்கா

•

ஜூலை 31

அக்கா,

முதலில் கரிச்சானின் விஷயம்.

முழங்கால் என்று தெரிந்த பிறகு வேலை நேரானது. வாரே இல்லாமல், நீ இடித்த அதே இடத்தில் என் முழங்காலை ஒரு மடித்த போர்வையோடு மெதுவாக வைத்து எடுத்தேன். முதல் நாள் அவள் வாய் ஓரம் நுரைத்தது. நான்காம் நாள் போர்வை இல்லாமல் வைத்தேன். ஒன்பதாம் நாள் மூன்றாவது துளை. அவள் மூச்சை இழுத்து உப்பிக்கொண்டு இடிக்காகக் காத்திருந்தாள். நான் எதுவும் செய்யவில்லை. நின்றேன். எவ்வளவு நேரம்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க முடியும்? அவளே விட்டாள். விட்டதும் பக்கிள் தானாகத் துளையில் விழுந்தது. ஒரு நிமிடம் காத்திருந்தால் போதும், அக்கா. பதினொரு நாளும் உன்னிடம் இல்லாதது அந்த ஒரு நிமிடம்தான்.

நேற்று முப்பதாம் தேதி. வண்டிக்காரர் கயிற்றோடு வந்திருந்தார். பெரியப்பா தானே வாரைக் கட்டினார். மூன்று துளை. கரிச்சான் பின்கால் ஒன்றை மடக்கி ஓய்வாக நின்றாள். “அடச்சே, பூனைக்குட்டியாட்டம் நிக்குதே!” என்று சொல்லிவிட்டு வண்டிக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்.

இனி உன் விஷயம்.

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். எட்டுத் துண்டாக்கி எருக்குழியில் போட்டேன். யாருக்கும் காட்டவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன்.

ஆனால் கிழிக்கும் முன் அதை ஒருமுறை கரிச்சானுக்குப் படித்துக் காட்டினேன். யாரைவிடவும் முதலில் தெரிய வேண்டியது அவளுக்குத்தானே. வாய்விட்டுத்தான் படித்தேன். அப்போது பக்கத்துத் தடுப்பின் அடியில் பெரியப்பாவின் ரப்பர் பூட்ஸ் தெரிந்தது. நான் பார்க்கவில்லை என்று எழுதலாம். அது பொய்யாகிவிடும், பொய் உன் வேலை. பார்த்தேன். பார்த்த பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன்.

‘சாக்கடையில கொட்டினேன்’ என்ற இடத்தில் அவர் பிரஷ் சத்தம் நின்றது. ‘பட்டினி’ என்ற இடத்தில் பூட்ஸ் ஒரு அடி என் பக்கம் வந்தது. ‘அப்பாவுக்கு நான்னா உசுரு’ என்பதையும் விடாமல் படித்தேன். அதைப் படிக்காமல் விட்டிருக்கலாம். விடவில்லை.

மறுநாள் காலையில் அவர் என் பக்கத்தில் வந்து, “நான் தலைக்கயிறு பிடிச்சுக்கறேன். நீ செய்” என்றார். அதன்பின் தினமும் வந்தார். நேற்று வண்டிக்காரர் போன பிறகுதான், “உங்க அக்கா என்னைக்கு வர்றா?” என்று கேட்டார். தேதியைச் சொன்னேன். “அவ வர்றவரைக்கும் யாரும் எதுவும் அவகிட்ட சொல்ல வேணாம். நான் பேசிக்கறேன்” என்றார்.

சொல்ல வேண்டாம் என்றுதான் சொன்னார். இருந்தும் எழுதுகிறேன். திடீரென்று கேட்டால் உனக்கு ஒரு நாள்தான் வலிக்கும். இப்போது தெரிந்துகொண்டால் பத்தொன்பது நாள் இருக்கிறது. எனக்கு இரண்டு மாதம் இருந்தது.

தங்கை

•

ஆகஸ்ட் 5

என் செல்லம்ல, என் தங்கம்ல,

நான் வரல. ஜுரம்னு ரூம்மேட்டுங்ககிட்ட சொல்லிட்டேன். சொல்லி முடிச்சதும் நிஜமாவே உடம்பு சுடுது.

அப்பாவோட போன் ரெண்டு ஞாயித்துக்கிழமையா வரல. வேலையா இருப்பார்னு நினைச்சேன். நேத்து நானே பண்ணினேன். “சாப்பிட்டியா?”ன்னார். சாப்பிட்டேன்னேன். “சரி”ன்னு வச்சிட்டார். இதுக்கு அவர் திட்டியிருந்தா பரவாயில்ல.

உன்னை நான் அடிச்சிருக்கேன், கேலி பண்ணியிருக்கேன், எல்லாம் தப்புதான். ஒரே ஒரு உதவி செய். நீ படிச்சது லெட்டர் இல்லைன்னு சொல்லிடு. நீ எழுதின கதைன்னு சொல்லு. நோட்டு நோட்டா கதை எழுதுறவதானே, அப்பா நம்பிடுவார். லெட்டரும் இப்ப இல்ல, கிழிச்சாச்சு. உன் வாய் வார்த்தை ஒண்ணு போதும். கரிச்சான்தான் நல்லாயிட்டாளே, இனிமே யாருக்கு என்ன நஷ்டம்?

கால்ல விழுந்து கேக்குறேன்.

உன் அக்கா

•

ஆகஸ்ட் 8

அக்கா,

சொல்ல மாட்டேன். இதுவரை உனக்கு எழுதியதில் எந்தக் கடிதத்தையும் நான் இத்தனை சுலபமாக எழுதியதில்லை.

நீ வரவில்லை என்றால் பெரியப்பா விடுதிக்கு வருவார். உன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அங்கே கேட்பார். அதற்கு வீட்டுக்கு வருவது நல்லது. தோழிகளைக் கூட்டி வரலாம், கரிச்சான் அவர்களை ஏற்றிக்கொள்வாள். நீயே வாரைக் கட்டலாம். சொடுக்கு, முழங்காலை வை, என்ன வேண்டுமானாலும் செய். அவள் கேரட் எங்கே என்றுதான் பார்ப்பாள். உன்னை அவள் உடம்பிலிருந்து கொஞ்சங்கூட மிச்சம் இல்லாமல் எடுத்துவிட்டேன்.

இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு டாக்டர் வருகிறார். பெரியப்பா அழைத்திருக்கிறார். என் அப்பாவையும் அன்று வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். முற்றத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்கச் சொல்வார்கள். அந்த நேரத்தில் அங்கே வெயில் நேராகக் கண்ணில் விழும். எதிரே நிற்பவர்கள் முகம் சரியாகத் தெரியாது, எல்லோரும் ஒரே கறுப்பாகத் தெரிவார்கள். யாரைப் பார்த்து மன்னிப்புக் கேட்பது என்றே புரியாது.

அன்று எனக்கும் புரியவில்லை. பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தேன். நீ என் பெயரைச் சொல்லிக் கேள்.